அன்று மழை பெய்தது: வட ஆற்காட்டு ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஸ்டுடியோ நடத்தும் அண்ணன்மாருக்கும், ஆல்பம் டிசைன் செய்யும் தம்பி தங்கைகளுக்கும், புதிதாக கேமரா தூக்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். தொழிலில் நமக்கு இன்னும் பழைய வட ஆற்காடுதான். ஆம்பூர் கல்யாணத்துக்கு ஆற்காட்டிலிருந்து கேமரா போகிறது, வாணியம்பாடியில் எடுத்த படத்துக்கு வேலூரில் ஆல்பம் தயாராகிறது. அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன். குடியாத்தத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சின்ன ஸ்டுடியோ ஒன்றை நடத்தி வருகிறேன். டார்க் ரூமில் படம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாசனைக்கு நடுவே வேலை கற்றவன். இன்று அதே கையால் மவுஸ் பிடித்து மாதம் நூற்றுக்கணக்கான படங்களை எடிட் செய்கிறேன். வானம் மாற்றுவது பற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

மூட்டமான நாளில் எடுத்த படத்தில் வானம் வெள்ளைத் தாளாக வந்துவிடுகிறது. அதை அப்படியே எடுத்துவிட்டு நீல வானத்தையோ ஆரஞ்சு அந்தியையோ ஒட்டிவிடுகிறோம். முன்பு இது அரை நாள் வேலை. நீலச் சேனலை நகலெடுத்து, லெவல்ஸ் ஏற்றி இறக்கி, மாஸ்க் செய்து, தென்னங்கீற்றின் ஓரத்தைக் கையால் துடைத்து எடுக்க வேண்டும். 2019 கடைசியில் வானத்தைத் தானே மாற்றும் லூமினார் 4 என்ற மென்பொருள் வந்தது, 2020 அக்டோபரில் போட்டோஷாப்பிலேயே அதற்கென்று தனி வசதி வந்தது. இப்போது போனிலேயே முடிகிறது. ஒரு சொடுக்கு, சில நொடி. அரை நாள் வேலையாக இருந்தபோது, இந்தப் படத்துக்கு இது வேண்டுமா என்று யோசித்தோம். இப்போது யோசிப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

என் கடையில் நடந்ததையே முதலில் சொல்கிறேன். 2021 நவம்பர். மோர்தானா அணை நிரம்பி வழிந்து கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வருஷக்கணக்கில் மணலும் முள்செடியுமாகக் கிடந்த ஆறு, கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. லுங்கி நெய்யும் ஒருவர் கடைக்கு வந்தார். வீட்டுப் பின்சுவர் விழுந்துவிட்டது, தரையில் குழி வெட்டிப் போட்ட குழித்தறி முழுக்கத் தண்ணீர், தறியில் ஏற்றியிருந்த பாவு நூலெல்லாம் சேறு. நிவாரணத்துக்கு மனு கொடுக்க வேண்டும், படம் எடுத்துக் கொடுங்கள் என்றார். என்னிடம் வேலை செய்த தம்பி குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினோரு படம் எடுத்து வந்தான்.

அந்த வாரம் கார்த்திகை முகூர்த்தம். அவுட்டோர் படங்கள் ஒரு ஃபோல்டரில் விழுந்தால் மொத்தத்துக்கும் ஒரே வானம் ஏறும்படி அமைத்து வைத்திருந்தோம். நெசவாளர் படங்களும் அந்த ஃபோல்டரிலேயே போய்விட்டன. தம்பி கவனிக்கவில்லை. பிரின்ட் போட்டு கவரில் வைத்தவன் நான், நானும் கவனிக்கவில்லை. மேலே இருந்தது வீட்டுக்குள் எடுத்த படம், அதை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். மறுநாள் சாயந்திரம், மனு கொடுக்கப் போன இடத்திலிருந்து அவர் திரும்பி வந்தார்.

"அண்ணே, படத்துல வெயில் அடிக்குதேன்னு கேக்கறாங்க. மழையில வுழுந்த செவுருன்னு இத்தப் பாத்து எப்பிடி நம்பறதுன்றாங்க."

வாங்கிப் பார்த்தேன். இடிந்த சுவர். முற்றத்துத் தண்ணீரில் மிதக்கும், நூல் சுற்றும் தார்க்குச்சிகள். முழங்கால் சேற்றில் நிற்கும் அவர் மனைவி. அத்தனைக்கும் மேலே பஞ்சுப் பொதியாக நாலு மேகமும் பளிச்சென்ற நீல வானமும்.

அவர் கோபப்படவில்லை. "நல்லா இருக்கட்டும்னுதான் பண்ணியிருப்பீங்க" என்றார். அதைக் கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை. நல்ல வேளையாக அசல் படங்கள் இருந்த மெமரி கார்டு கேமராவிலேயே இருந்தது. அன்று இரவு அடுத்த கல்யாணத்துக்காக அதை ஃபார்மட் செய்திருப்போம். அசல் படங்களைத் திரும்ப பிரின்ட் போட்டு, காசு வாங்காமல் கொடுத்து அனுப்பினேன். மனுவும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த நெசவாளருக்கு அன்று இருந்த சாட்சி அந்தச் சாம்பல் நிற வானம்தான். அதை அழித்துவிட்டு நாங்கள் அவரைப் பொய் சொல்கிறவர் போல ஒரு மேஜைக்கு முன்னால் நிறுத்தியிருந்தோம்.

மனு சமாச்சாரம் வேறு, கல்யாண ஆல்பம் வேறு என்பீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு கே.வி.குப்பம் பக்கத்துக் கல்யாணம் ஒன்று. தாலி கட்டும் நேரத்தில் பந்தல் கிழிகிற மாதிரி மழை. மழை விட்டதும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏரிக்கரையில் நிறுத்திப் படம் எடுத்தோம். ஆல்பத்தில் அந்தப் பக்கங்களுக்கு மாலை வெயில் வைத்து அனுப்பினேன். அருமையாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பெண்ணின் அத்தை ஆல்பத்தை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"இவ சின்னதுல பச்சரிசிய வாரி வாரித் துன்னுவா. கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டப் போவுது பாருன்னு அப்பவே சொல்லிகினு இருந்தேன். கொட்டுச்சா இல்லியா? இதுல பாத்தா மழையே காணோமே தம்பி."

அந்த வீட்டில் அடுத்த ஐம்பது வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கப் போகிற கதை அது. பெண்ணின் பேத்திக்குக்கூட ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே சொல்வார்கள். அந்தக் கதைக்கு உரிய மேகத்தை நான் எடுத்துவிட்டேன். என்னிடம் ஒருவரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மூட்டமான வானம் குறை, நீல வானம் நிறை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. மாதக்கணக்கில் வெயிலே எட்டிப் பார்க்காத ஊர்களில் நீல வானம்தான் விருந்தாளி. அங்கே மேகம் சோகம். நம் ஊரில் கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். வேலூர்க் கோட்டைக்கு எதிரே கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள், மே மாதம் மத்தியானம் தெருவில் காக்கை பறக்காது. சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றி ஊர் ஊராகச் சொல்வார்கள். கோட்டைக்குள் இருக்கிற அந்தக் கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார். ஆற்றுக்குத் தண்ணீர் வருவது மட்டும் இன்னும் சேதியாகத்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தால் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கிறோம். "மேகம் கட்டிகினு வருது" என்று சொல்கிறவர் முகத்தைப் பாருங்கள். அவர் துக்கச் சேதி சொல்லவில்லை. அந்த வானத்தைத்தான் நாம் பாழ் என்று வெட்டிப் போடுகிறோம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நம் முகூர்த்த மாதங்களை எண்ணிப் பாருங்கள். ஆடியில் கிடையாது, புரட்டாசியில் கிடையாது, மார்கழியில் கிடையாது. ஆவணி, ஐப்பசி, கார்த்திகை என்று ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை வரும் முகூர்த்தம் முழுக்க மழைக்காலத்தில்தான் விழுகிறது. தென்மேற்குப் பருவத்திலும் நமக்குச் சாயந்திர மழை உண்டு, வடகிழக்குப் பருவத்திலும் பங்கு உண்டு. ஐப்பசியில் கல்யாணம் வைத்தவர்கள் மேகத்தைத் தெரிந்தேதான் வைத்தார்கள். அவர்கள் ஆல்பத்தைத் திறந்தால் அத்தனையும் சித்திரை.

வானம் மாற்றவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. நம் தொழிலே அப்படிச் சுத்தபத்தமாகத் தொடங்கிய தொழில் இல்லை. பழைய காலத்து பிளேட்டும் காகித நெகட்டிவ்வும் நீல ஒளியை அதிகமாக வாங்கும். அதனால் நிலத்துக்குச் சரியாக எக்ஸ்போஸ் செய்தால் வானம் எரிந்து வெள்ளையாகிவிடும். 1850-களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே காகிதத்தில் அச்சிட்டார். நம் தமிழ் மண்ணிலேயே பாருங்கள். 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்த ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப், மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்வில் சாயம் தொட்டு மேகத்தைத் தீட்டிச் சேர்த்திருக்கிறார். அந்தப் பழைய கோபுரப் படங்களின் மேகங்கள் சிலவற்றில் தூரிகை வேலை உண்டு. ஆக, வெறும் வெள்ளை வானம் அன்றைக்கே கைக்காரனை உறுத்தியிருக்கிறது. எனக்கு அந்த உறுத்தல் புரிகிறது.

என் குருநாதர் ஸ்டுடியோவில் பின்னால் ஒரு திரைச்சீலை தொங்கும். நீல வானம், அதில் வெள்ளை மேகம், கீழே ஒரு மாடிப்படியும் பூந்தொட்டியும். ஊரில் பாதிப் பேர் அந்த வானத்தின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள்தான். அதில் ஒரு நேர்மை இருந்தது. நிற்பவருக்கு அது திரை என்று தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். ஒரு ஓரத்தில் சுருக்கமும் தெரியும். இன்றைய வேலையில் சுருக்கம் தெரிவதில்லை, அதனால்தான் கேட்க வேண்டிய கடமை நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. திரைக்கு முன்னால் நிற்பவர் தானாகவே வந்து நின்றார். ஏரிக்கரையில் நின்றவர்கள் ஏரிக்கரையில்தான் நின்றார்கள்.

அடுத்து, மாற்றுவதென்று முடிவு செய்தாலும் நாம் செய்கிற விதம். தொழிலுக்கு நாம் கொடுக்க வேண்டிய மரியாதை என்று ஒன்று இருக்கிறது, அதையும் மனம் விட்டுச் சொல்கிறேன்.

மூட்டமான நாளில் வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்கு. ஒளி எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது, அதனால் தரையில் நிழல் விழாது. முகத்தில் மூக்கு நிழல் இருக்காது. அந்த உடம்புகளுக்குப் பின்னால் கொழுந்துவிடும் சூரியனை வைத்தால், மனிதர்கள் ஒட்டவைத்த அட்டை மாதிரி நிற்பார்கள். காரணம் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தும். மேக ஒளி கொஞ்சம் நீலம் பாய்ந்தது, ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் 6500-க்கு மேல் போகும். அந்தி ஒளி 3000 பக்கம் இறங்கிவிடும். பட்டுப் புடவையின் சரிகை நீலமாக மின்னிக்கொண்டிருக்க, பின்னால் வானம் செம்பாக உருகினால் எப்படிப் பொருந்தும்?

திசையை நாம் பார்ப்பதே இல்லை. வேலூர்க் கோட்டையின் வாசல் கிழக்கே. அங்கே நின்று கோட்டையைப் பார்த்தால் மேற்கு நோக்கி நிற்கிறோம், அந்தி வானம் வைத்தால்கூட நியாயம் உண்டு. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் ராஜகோபுரம் தெற்கு பார்த்தது. அதை நேரே எடுப்பவர் வடக்கு நோக்கி நிற்கிறார். அந்தக் கோபுரத்துக்கு நேர் பின்னால் சூரியன் மறைகிற மாதிரி எத்தனை பேனர் பார்த்துவிட்டேன். நம் ஊரில் ஆனி மாதத்திலேகூடச் சூரியன் மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி மறையும், அதற்கு மேல் போகாது. அந்தக் கோயிலுக்குத் தினம் போகிற பாட்டி அந்தப் படத்தைப் பார்த்தால் இது நம்ம கோயில் மாதிரி இல்லையே என்பார். அவர் சொல்வது சரி.

அகழியை வைத்து எடுத்த படங்கள் இன்னும் மோசம். மேலே நெருப்பு வானம், கீழே தண்ணீரில் பழைய சாம்பல் வானம். ஒரே படத்தில் இரண்டு நாள். மழை பெய்து ஈரமான தார் ரோடும் அப்படித்தான், அதுவும் வானத்தைக் காட்டும். மாப்பிள்ளை கண்ணாடி போட்டிருந்தால் அதிலும் வானம் இருக்கிறது. கண்மணியில் இருக்கிற சிறு வெளிச்சத்திலும் இருக்கிறது. வானத்தை எடுத்தால் மேலே இருக்கிற ஒரு துண்டுதான் போகிறது. படத்துக்குள் அது நூறு இடத்தில் ஒளிந்து கிடக்கிறது.

ஏலகிரி படங்களில் வேறு விதமான தவறு. பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பள்ளத்தில் மூடுபனி நிற்கும். தூரத்து மலை ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும். அந்த வெளிறலுக்கு மேல் கூர்மையான நீல வானம் வைத்தால், மலைக்கும் வானத்துக்கும் நடுவே கத்தியால் கீறிய மாதிரி ஒரு கோடு. அடிவானத்தில் எந்த வானமும் மங்கித்தான் இருக்கும். அளவும் இடிக்கும். அகலமான லென்ஸில் எடுத்த மேகத்தை 85 எம்.எம். படத்துக்குப் பின்னால் வைக்கிறோம், மேகங்கள் குருவிக் கூட்டம் மாதிரி சின்னதாகக் கிடக்கின்றன.

ஓரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புளிய மரத்து இலைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பழைய வானம் தங்கிவிடும். கரன்ட் கம்பி பாதியில் அறுந்து தொங்கும். ஒரு கும்பாபிஷேகப் படத்தில் கலசத்தின் நுனியையே மென்பொருள் வானம் என்று எண்ணித் தின்றுவிட்டிருந்தது. அதை வீட்டில் மாட்ட வைத்திருந்தார்கள். இரண்டு நிமிடம் 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் விட எனக்கு வருத்தம் தருவது, எல்லோருக்கும் ஒரே வானம். மென்பொருளோடு வரும் அந்த ஊதா ஆரஞ்சு மேகத்தை நான் அமிர்தியில் பார்த்தேன், ஏலகிரியில் பார்த்தேன், ஆற்காட்டு மண்டப வாசலில் பார்த்தேன். மேகத்தின் வலது ஓரத்தில் ஒரு வால் இருக்கும், பார்த்தவுடன் அடையாளம் தெரிகிறது. முகம் தெரியாத யாரோ வேறு நாட்டில் எடுத்த ஒரு சாயந்திரம், நம் மூன்று மாவட்டத்துக் கல்யாணத்தின் மேலெல்லாம் படுத்திருக்கிறது.

சரி, வெள்ளை வானத்தை என்னதான் செய்வது என்று கேட்பது நியாயம். இதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பல நேரம் அந்த வானம் வெள்ளையே கிடையாது. நாம் எரித்து வெள்ளையாக்குகிறோம். மேகத்துக்குள் சாம்பலும் நீலமும் அடுக்கடுக்காக இருக்கிறது. முகத்துக்கு மீட்டர் வைத்து எடுத்ததால் அது போய்விடுகிறது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) ஃபைலாக எடுங்கள், வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வலது சுவரில் மோதாமல் ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளி, குறைத்து எடுங்கள். பிறகு ஹைலைட்டை இறக்கி, மேலிருந்து கீழே ஒரு கிரேடியன்ட் இழுத்து, கொஞ்சம் கிளாரிட்டி கொடுத்துப் பாருங்கள். மேகம் எழுந்து வரும். ஜேபெக்கில் எரிந்துபோன இடத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ரா ஃபைலில் அநேகமாக இருக்கும். லென்ஸில் போலரைசர் ஃபில்டர் மாட்டினால் மூட்ட வானம் கறுக்காது, ஆனால் ஈர இலையிலும் கருங்கல்லிலும் இருக்கிற பளபளப்பைக் குறைத்து நிறத்தை ஆழமாக்கும். கறுப்பு வெள்ளைக் காலத்து மஞ்சள் ஃபில்டரும் அப்படித்தான், நீலம் இருந்தால்தான் அதற்கு வேலை.

ஆட்களை நிறுத்தி எடுக்கும்போது ஃப்ளாஷை வெளியே எடுங்கள். ஒளியைப் பரப்ப ஒரு ஃப்ளாஷ் குடை, நாற்பத்தைந்து டிகிரி, ஷட்டர் ஒரு நொடியில் 200-ல் ஒரு பங்கு. சுற்றுப்புறத்தை ஒரு ஸ்டாப் இருட்டாக்கி, முகத்துக்கு ஃப்ளாஷ் கொடுத்தால் பின்னால் மேகம் கறுத்துத் திரண்டு நிற்கும். அரக்குப் பட்டும் மாம்பழ மஞ்சளும் அந்தக் கருமேகத்துக்கு முன்னால் எப்படி எரிகிறது என்று ஒரு முறை பார்த்தவர்கள் நீல வானத்தைத் தேட மாட்டார்கள். கன்னத்தில் ஒளி வெண்ணெய் மாதிரி இறங்கும். வெயிலில் இதற்காகத்தான் ஆயிரக்கணக்கில் கொடுத்து சாஃப்ட்பாக்ஸ் வாங்குகிறோம். மேகம் அதைச் சும்மா தருகிறது.

கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களை வெயில் நாளில் எடுத்துப் பாருங்கள். யாளியின் வாய் ஒரே இருட்டு, குதிரையின் முதுகு ஒரே வெளுப்பு. மூட்டமான காலையில் அதே தூணுக்குப் போங்கள். கடிவாளத்தின் முறுக்கும் வீரனின் விரல் நகமும் தெரியும். சிற்பி உளி வைத்த இடமெல்லாம் தெரியும். எனக்கு அந்தத் தூண்களில் கிடைத்த நல்ல படங்கள் எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் எடுத்தவை. அப்படிப்பட்ட நாளில் வானத்தை ஃப்ரேமுக்குள் கொண்டுவரவே தேவையில்லை. கேமராவை ஒரு சாண் கீழே இறக்கினால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும், ஆல்பத்தின் முகப்புக்கு ஒரு வானம் வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டால் வையுங்கள். அது அவர்கள் படம். ஆனால் நம் ஊர் வானத்தை வையுங்கள். மாதம் இரண்டு முறை மொட்டை மாடி ஏறி நாலு திசையையும் எடுத்து வையுங்கள், எந்த மாதம், எந்த நேரம், எந்தத் திசை, எந்த லென்ஸ் என்று ஃபைல் பெயரிலேயே எழுதி வையுங்கள். பாலாற்றுப் பாலத்திலிருந்து எடுத்த வானம் ஒன்று, ஜவ்வாது மலை மேல் மழை இறங்குவது ஒன்று, கத்திரியில் பால் மாதிரி வெளிறிய வானம் ஒன்று. வைகாசி முதல் நாள் எங்கள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் அந்த வெளிறிய வானம்தான் மேலே நிற்கும். அதைப் பார்த்தாலே எங்கள் ஊர்க்காரனுக்கு உள்ளங்கால் சுடும். கல்யாணத்தன்றே மழை விட்டு அரை மணி கழித்து மேகம் பிளந்தால் அதை எடுத்து வைத்துக்கொண்டு அதே படத்தில் சேருங்கள். அன்றைய வானம் அன்றைய மனிதர்களுக்கு மேலே இருக்கும்.

தொடவே கூடாத படங்களும் உண்டு, இதில் நான் கெஞ்சிக் கேட்கிறேன். நிவாரண மனு, இன்சூரன்ஸ், வழக்கு, நிலம், விபத்து என்று எதற்காவது சாட்சியாகப் போகிற படம். பத்திரிகைக்கும் செய்திக்கும் போகிற படம். உலக பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் படத்தில் இல்லாததைச் சேர்த்தாலும் இருந்ததை எடுத்தாலும் வெளியேற்றிவிடுவார்கள். நமக்கு அப்படி ஒரு நடுவர் இல்லை, கடைக்காரனே நடுவர். ஏரி நிரம்பிய நாள், கும்பாபிஷேகம், ஊர்த் தேர், ஊரில் ஒரு பெரியவரின் கடைசி ஊர்வலம் இவற்றையும் இதில் சேர்க்கிறேன். நாற்பது வருஷம் கழித்து அந்த வருஷம் மழை உண்டா என்று யாராவது அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். சுற்றுலாவுக்கு பேனர் அடிக்கிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். ஏலகிரிக்கு வருகிறவர் பனியைப் பார்க்கத்தான் மலை ஏறுகிறார்.

என் கடையில் நான் மாற்றிக்கொண்டதைச் சொல்கிறேன். ஆர்டர் எழுதும் சீட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: வானத்தை மாற்றலாமா, அப்படியே விடலாமா. ஆல்பம் ஒப்புக்கொள்ள வருபவர்களிடம் அதை வாய்விட்டுக் கேட்கிறோம். அப்படியே இருக்கட்டும் என்று சொல்பவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். மாற்றச் சொன்னால் மாற்றிக் கொடுத்து, மாற்றாத படத்தையும் பென் டிரைவில் தனி ஃபோல்டரில் போட்டுத் தருகிறோம். மொத்தமாக வானம் மாற்றும் அந்த அமைப்பை எடுத்துவிட்டோம். மாற்றினால் ஒவ்வொரு படமாகத் திறந்து, கையால். நேரம் பிடிக்கிறது. முகூர்த்த நெருக்கத்தில் தம்பிகள் முணுமுணுக்கிறார்கள், அதையும் மறைக்கவில்லை. அசலை ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு இடத்தில் ஏற்றாமல் எந்த கார்டையும் அழிப்பதில்லை, டெலிவரி கொடுத்து மூன்று மாதம் வரை அந்த அசலையும் அழிப்பதில்லை.

இவற்றை நீங்களும் உங்கள் கடைகளில் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சங்கக் கூட்டங்களில் விலைப்பட்டியல் பேசுகிறோம், ட்ரோன் அனுமதி பேசுகிறோம். ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் இதையும் பேசுங்கள். என்னைக் கூப்பிட்டால் வருகிறேன், கூப்பிடாவிட்டாலும் நீங்கள் பேசினால் போதும்.

புதுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு அழைப்பு. ஐப்பசி பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு நான் கோட்டை வாசலில் இருப்பேன், வானம் மூட்டமாக இருந்தால் மட்டும். கட்டணம் எதுவும் இல்லை. ஒரு குடை, ஒரு ஃப்ளாஷ், லென்ஸ் துடைக்க ஒரு துணி எடுத்து வாருங்கள். போன வருஷ மழையில் நீங்கள் எடுத்து, வானம் சரியில்லை என்று ஒதுக்கிய படம் ஏதாவது இருந்தால், அந்த ரா ஃபைலையும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து திறந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
குடியாத்தம்.